பேனரா, தர்ம அடியா, குண்டாஸா, தெருவிளக்கா: எங்கள் நகர் எடுக்க வேண்டிய முடிவு

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் நகரின் குடியிருப்போர் நலச் சங்கம் விரைவில் பொதுக்குழுவைக் கூட்ட இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்களின் வீடுகளில் பூட்டு உடைப்பு, வாசலில் நிறுத்திய பைக்குகள் காணாமற்போவது, விடியற்காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் கழுத்துச் சங்கிலி பறிபோனது என்று அடுத்தடுத்து நடந்ததால் எல்லோரும் கொதித்துப்போயிருக்கிறார்கள். சங்கிலியைப் பறிகொடுத்தவருக்குக் கழுத்தில் ஏற்பட்ட சிராய்ப்பு ஆறிவிட்டாலும், அவர் இன்னமும் இருட்டு விலகும் முன் வாசற்கதவைத் திறப்பதில்லை. இந்தக் கோபம் நியாயமானது. அதைத் தணித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக இக்கட்டுரையை நான் எழுதவில்லை. அந்தக் கோபத்தைக் கொண்டு எதைச் செய்தால் அடுத்த திருட்டு நடக்காமல் போகும் என்பதை, வாக்களிக்கும் முன் ஒரு முறை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். குற்றவியல் நீதிமன்ற அலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், வழக்குகள் எந்த இடத்தில் நிற்கின்றன, எந்த இடத்தில் உதிர்கின்றன என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

பொதுக்குழுவின் முன் நான்கு யோசனைகள் இருக்கின்றன. முதலாவது, பிடிபட்டவர்கள், சந்தேகப்படத்தக்கவர்கள் ஆகியோரின் படங்களை நகரின் நுழைவாயிலில் பேனராக வைத்து, கேமரா காட்சிகளை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவது. இரண்டாவது, கையும் களவுமாகச் சிக்குபவரைக் கம்பத்தில் கட்டிவைத்து, நாலு பேர் பார்க்கப் பாடம் புகட்டிய பிறகே போலீஸில் ஒப்படைப்பது. மூன்றாவது, பழைய குற்றவாளிகள் மீது குண்டர் தடுப்புச் சட்டத்தைப் பாய்ச்ச வேண்டும் என்றும், திருட்டுக்கான தண்டனையையே கடுமையாக்க வேண்டும் என்றும் மாவட்ட நிர்வாகத்திடம் மனுக் கொடுப்பது. நான்காவது, சங்க நிதியைத் தெருவிளக்கு, கேமரா, இரவுக் காவலர் ஆகியவற்றில் செலவிட்டு, ஒவ்வொரு திருட்டுக்கும் எஃப்.ஐ.ஆர். பதிவாகி வழக்கு முடியும்வரை சங்கமே பின்தொடர்வது. நான்காவது யோசனைக்குக் கைதட்டல் குறைவாகவே கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் என் வாக்கு அதற்குத்தான்.

தண்டனையைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அதன் கடுமையைப் பற்றியே பேசுகிறோம். திருட வருபவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, மூன்றாண்டா ஏழாண்டா என்று கணக்குப் போட்டுவிட்டு வருவதில்லை. தெருவில் வெளிச்சம் இருக்கிறதா, வீடு பூட்டியிருக்கிறதா, யாராவது எட்டிப் பார்ப்பார்களா, போன முறை தன்னை யாராவது தேடி வந்தார்களா என்பதையே அவன் பார்க்கிறான். 2012இல் அமெரிக்க தேசிய ஆய்வுக் கழகம், மரண தண்டனைக்கும் கொலைகளின் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் பரிசீலித்து, அத்தண்டனை கொலைகளைக் குறைக்கிறது என்றோ கூட்டுகிறது என்றோ சொல்வதற்கு அவை உதவா என்ற முடிவுக்கு வந்தது. நம் நாட்டுச் சட்ட ஆணையமும் 2015ஆம் ஆண்டில் அளித்த தன் 262ஆவது அறிக்கையில், ஆயுள் தண்டனையைவிட மரண தண்டனை அதிகமாக அச்சுறுத்தித் தடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்று சொல்லி, பயங்கரவாதக் குற்றங்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு அதை ஒழிக்கப் பரிந்துரைத்தது. உயிரையே பறிக்கும் தண்டனைக்கே இதுதான் நிலை என்றால், மூன்றாண்டை ஐந்தாண்டாக்கி எவ்வளவு பயத்தை விதைத்துவிட முடியும்?

கடும் தண்டனையைப் பார்த்து மற்றவர்கள் அடங்குவார்கள் என்ற நம்பிக்கைக்கு வேலூர்க்காரர்களான நமக்கு வெளியூர் உதாரணமே தேவையில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் 1805 நவம்பரில் கொண்டுவரப்பட்ட உடை விதிகளின்படி புதிய தலைப்பாகையை அணிய மறுத்த சிப்பாய்கள், 1806 மே மாதத்தில் சென்னைக் கோட்டைக்கு அனுப்பி விசாரிக்கப்பட்டார்கள். இருவருக்குக் கசையடியும் பணிநீக்கமும் கிடைத்தன. மேலும் 19 பேருக்குக் கசையடி விதிக்கப்பட்டு, மன்னிப்புக் கேட்ட பின் விடப்பட்டார்கள். மற்றவர்கள் இதைக் கண்டு பயந்து தலைப்பாகையை அணிந்துகொள்வார்கள் என்பது அதிகாரிகளின் கணக்கு. இரண்டே மாதத்தில், ஜூலை 10ஆம் தேதி விடியும் முன், வேலூர்க் கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேய வீரர்கள் கொல்லப்பட்டார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து நடத்திய பழிவாங்கலில் அதைவிடப் பன்மடங்கு சிப்பாய்கள் மாண்டார்கள். பிறகு நடந்த விசாரணைகளில் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், சிலரைத் தூக்கிலிட்டார்கள். அத்தனைக்கும் பிறகு அந்த உடை விதிகளைத்தான் அரசு திரும்பப் பெற்றது. மக்கானில் நிற்கும் சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூணைக் கடந்து போகிற நாம், அந்தச் சிப்பாய்களைத் திருடர்களோடு ஒப்பிட மாட்டோம், நானும் ஒப்பிடவில்லை. அச்சத்தை விளைவிக்கவென்று நாலு பேர் அறியத் தரும் தண்டனை, பார்ப்பவர் மனத்தில் அச்சத்தைத்தான் விளைவிக்கும் என்பதற்கு உறுதி கிடையாது என்பதே நான் எடுத்துக்கொள்ளும் செய்தி. அவமானப்பட்டவனோடு தன்னைச் சேர்த்துப் பார்ப்பவனுக்கு அது வன்மத்தை விளைவிக்கிறது.

தண்டனை கடுமையாகக் கடுமையாக அது நடைமுறைக்கு வருவது குறைந்துபோகும் என்பதற்கு இங்கிலாந்தின் வரலாறு தெளிவான சாட்சி. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு விதிக்கச் சட்டத்தில் இடமிருந்தது. ஒரு வீட்டிலிருந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினாலே தூக்கு என்றிருந்ததால், ஒரு வேலைக்காரப் பெண்ணைத் தூக்குமேடைக்கு அனுப்ப மனம் வராத ஜூரிகள், திருட்டுப் போன பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று தெரிந்தே குறைத்து எழுதினார்கள். பொருளைப் பறிகொடுத்தவர்களும் ஒரு உயிரைக் கொல்ல வேண்டுமா என்று வழக்குத் தொடுக்கத் தயங்கினார்கள். சட்டம் கொடியதாக ஆனதால் தண்டனை நிச்சயமற்றதாக ஆனது. நம் தெருவிலும் இதே மனநிலையைப் பார்க்கலாம். பக்கத்துத் தெருப் பையன் செல்போனைத் திருடிவிட்டான் என்று தெரிந்தால், “கேஸ் போட்டால் அவன் வாழ்க்கையே போய்விடுமே” என்று பொருளை வாங்கிக்கொண்டு மூடி மறைப்பவர்கள்தாம், முகம் தெரியாத திருடனுக்குக் கையை வெட்ட வேண்டும் என்கிறார்கள்.

வளைகுடா நாடுகளை உதாரணம் காட்டுபவர்கள் எங்கள் நகரில் பலர் உண்டு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் வீட்டுக்கு ஒருவர் அங்கே போய் வந்திருப்பதால் அவர்கள் கண்ணால் கண்டதைச் சொல்கிறார்கள். கடையைத் திறந்து போட்டுவிட்டுத் தொழுகைக்குப் போகலாம் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த நிலைக்குக் கடும் தண்டனை மட்டும்தான் காரணமா? அங்கே வேலைக்குப் போன ஒவ்வொருவரும் இகாமா என்ற குடியிருப்பு அட்டையின் மூலம் அரசுப் பதிவேட்டில் இருக்கிறார்கள். ஒரு சிறு புகாருக்கும் வேலை போய், ஊர் திரும்ப வேண்டியிருக்கும் என்பதை அறிந்திருக்கிறார்கள். சிக்குவோம் என்ற நிச்சயம் அங்கே இருக்கிறது. மறுபக்கம், 2024ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் சவுதி அரேபியாவில் முந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர்களில் பலர் போதைப்பொருள் வழக்குகளில் சிக்கியவர்கள். தலை போகும் என்று தெரிந்தும் கடத்துபவர்கள் கடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முதல் யோசனையான பேனரைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இதுவே மிகவும் எளியது, செலவு குறைந்தது, யாருக்கும் காயம் ஏற்படுத்தாதது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதை மேல் ஏற்றி ஊர்வலம் விட்ட காலத்தின் நாகரிகமான வடிவமாகவே பலர் இதைக் கருதுகிறார்கள். அந்தக் காலத்து ஊர்வலம் ஓர் ஊரோடு முடிந்தது. வாட்ஸ்அப்பில் போன படம் எந்த ஊரோடும் முடிவதில்லை. அந்த ஆள் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் பிறகு சொன்னாலும் அந்தத் தீர்ப்பை யாரும் ஃபார்வேர்டு செய்வதில்லை.

அதைவிட முக்கியமான ஒரு குறை, வழக்கு நடப்பதை உள்ளிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முன்பின் தெரியாத ஒருவர் சங்கிலியைப் பறித்துவிட்டு ஓடினால், பறிகொடுத்தவர் அவரை அடையாளம் காட்டுவதே வழக்கின் உயிர். அதற்காகத்தான் தொரப்பாடி மத்திய சிறையில், மாஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடத்துகிறார்கள். ஏறத்தாழ ஒரே வயது, ஒரே உயரம், ஒரே நிறம் உள்ள பலரோடு சந்தேக நபரை வரிசையில் நிறுத்தி, சாட்சியைத் தனியே அழைத்து, இவர்களில் யார் என்று காட்டச் சொல்வார்கள். வரிசையில் நிற்கும் இடத்தைச் சந்தேக நபரே தேர்ந்தெடுக்கலாம். சாட்சி தடுமாறாமல் அவரைத் தொட்டுக் காட்டினால் வழக்குக்குப் பலம் கூடுகிறது. கைது செய்யப்பட்டவரின் முகத்தைத் துணியால் மூடி அழைத்து வருவது எதற்காக என்று கோபத்தோடு கேட்பவர்களுக்கு இதுதான் விடை: திருடனின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக மூடவில்லை, சாட்சியின் வார்த்தைக்கு மதிப்பு இருக்க வேண்டும் என்பதற்காகவே மூடுகிறார்கள். நாம் அந்த முகத்தைப் பேனரிலும் குழுக்களிலும் போட்டுவிட்ட பிறகு அணிவகுப்பு நடந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “இந்தப் படத்தை நீங்கள் முன்பே செல்போனில் பார்த்தீர்கள் அல்லவா?” ஆம் என்று சொன்ன நொடியில் அந்த அடையாளம் காட்டலின் மதிப்பு சரிந்துவிடும். திருடனை அவமானப்படுத்துவதாக நினைத்து அவனுக்கு விடுதலையை வாங்கிக் கொடுப்பதில் போய் முடியும்.

ஆளைத் தவறாகக் குறிப்பது இன்னொரு ஆபத்து, அதிலும் வேலூரில். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், ஏன் வங்கதேசத்திலிருந்துகூடச் சிகிச்சைக்காக ஆயிரக்கணக்கானோர் வந்து தங்கும் ஊர் இது. மொழி தெரியாமல், கையில் ஒரு துண்டுச் சீட்டோடு, குறைந்த வாடகைக்கு அறை தேடி வீடு வீடாக எட்டிப் பார்ப்பவர்கள் எந்த நாளிலும் இருப்பார்கள். எங்களுக்கு அடுத்த நகரின் குழுவில் “நோட்டம் விடும் நபர், எச்சரிக்கை” என்ற குறிப்போடு ஒரு காட்சி சுற்றியது. நீலச் சட்டை அணிந்த ஒரு நடுவயதுக்காரர், ஒரு கேட்டின் முன் நின்று, உள்ளே பார்த்து, அடுத்த கேட்டுக்கு நகர்கிறார். இடது கையில் மருத்துவமனையின் பெரிய எக்ஸ்ரே உறை தெளிவாகத் தெரிகிறது. அந்த உறையை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் அவரை இளைஞர்கள் மறித்து விசாரித்தபோதுதான், மனைவியின் சிகிச்சைக்காக வந்து வாடகைக்கு இடம் தேடியவர் என்று தெரிந்தது. அன்றைக்குப் பேச்சோடு முடிந்தது. பழைய வட ஆற்காட்டின் ஒரு பகுதியான போளூர் பக்கத்தில், 2018 மே மாதத்தில் அப்படி முடியவில்லை. குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தினர் வழி கேட்க இறங்கியபோது, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள் என்ற ஒரே காரணத்தால், குழந்தை கடத்துபவர்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிக்கொண்டிருந்த வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களை அடித்தது. 65 வயதான ஒரு மூதாட்டி உயிரிழந்தார். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களும் ஊரைக் காப்பாற்றுவதாகவே நம்பினார்கள்.

சட்டமும் பேனருக்குத் துணை நிற்காது. 2020 மார்ச்சில் லக்னோ நகரில் அரசே போராட்டக்காரர்களின் பெயர், படம், முகவரியோடு பலகைகளை வைத்தபோது, அலகாபாத் உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்து அவற்றை அகற்ற உத்தரவிட்டது. அரசுக்கே இல்லாத அதிகாரம் ஒரு நலச் சங்கத்துக்கு எங்கிருந்து வரும்? படத்தில் இருப்பவர் 18 வயது நிரம்பாதவராக இருந்தால், 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவின்படி அவருடைய அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். பைக் திருட்டுகளில் பள்ளி வயதுப் பையன்களும் சிக்குகிறார்கள் என்பதால் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சங்கத்தின் தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்டு வைக்கும் பேனருக்கு அவர்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முத்திரை குத்துவதன் நீண்டகால விளைவை அறிய குற்றப் பரம்பரையினர் சட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால் போதும். 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த அந்தச் சட்டம், குறவர் உள்ளிட்ட பல சமூகத்தினரைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதிவு செய்து, கைரேகை எடுத்து, ஊரைவிட்டு நகரவும் அனுமதி கேட்க வைத்தது. 1952இல் நாடு முழுவதும் அது ஒழிந்த பிறகும், எங்கே திருட்டு நடந்தாலும் தங்களைத்தான் முதலில் இழுத்துச் செல்கிறார்கள் என்று அம்மக்கள் இன்றுவரை முறையிடுகிறார்கள். அத்தனை தலைமுறைகளைக் கண்காணித்தும் அந்தச் சட்டம் திருட்டை ஒழிக்கவில்லை. பதிவேட்டில் பெயர் இருந்தவனுக்கு நேர்மையான வேலை கிடைக்காமல் செய்ததுதான் மிச்சம்.

இரண்டாவது யோசனை, கட்டி வைத்து அடிப்பது. “பொதுமக்கள் தர்ம அடி கொடுத்துப் போலீஸில் ஒப்படைத்தனர்” என்ற வரியை நாளிதழ்களில் படித்துப் படித்து, அது ஏதோ சட்டத்தின் முதற்கட்டம் என்ற எண்ணம் நமக்கு ஏற்பட்டுவிட்டது. நம் கண்ணெதிரே பெருங்குற்றம் செய்தவரைப் பிடித்துவைக்க நமக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆவது பிரிவு, அப்படிப் பிடித்தவரைத் தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அடிக்கும் அதிகாரத்தை அது யாருக்கும் தரவில்லை. அடிபட்டவரை ரிமாண்டுக்கு முன் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது ஒவ்வொரு காயமும் விபத்துப் பதிவேட்டில் ஏறுகிறது. “முன்பின் தெரியாத பத்துப் பேர் கட்டையால் தாக்கினர்” என்ற வாசகம் அந்த ஏ.ஆர். காப்பியில் நிரந்தரமாக நின்றுவிடுகிறது. பிறகு விசாரணை நாளில், சம்பவத்தைப் பார்த்தவர்கள் யாரென்று கேட்டால் ஒருவரும் முன்வர மாட்டார்கள், ஏனென்றால் பார்த்தவர்களே அடித்தவர்கள். தங்கள் மீது எதிர்வழக்கு வருமோ என்ற பயத்தில் சாட்சிகள் பிறழ்ந்து, பொருளோடு பிடிபட்டவர் விடுதலையாகிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். உயிர் போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிச் சாதி, சமூகம், மொழி, பிறந்த ஊர் போன்ற காரணத்தால் ஒருவரைக் கொன்றால் மரண தண்டனை வரை விதிக்க, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு வழி செய்கிறது. கம்பத்தில் கட்டப்படுபவர் எப்போதும் எளியவராகவும், பெரும்பாலும் ஊரின் கண்ணுக்குத் தாழ்ந்த சாதிக்காரராகவும் இருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். கோடிகளை ஏப்பம் விட்ட சீட்டுக் கம்பெனிக்காரரை எந்தத் தெருவிலும் யாரும் கம்பத்தில் கட்டியதில்லை.

“நாம் அடிக்க வேண்டாம், போலீஸ் பார்த்துக்கொள்ளும்” என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நகையைக் காணோம் என்ற ஒரு புகாரின் பேரில், 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட இளவயதுக் கோயில் காவலாளி உயிரோடு திரும்பவில்லை. போலீஸார் கைது செய்யப்பட்டு, வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க அமைக்கப்பட்ட ஓர் ஆணையம், கிட்டி போட்டு விரல்களை நசுக்கியதையும், உடலை வளைத்து அண்ணாந்தாள் கட்டியதையும் 1855இலேயே பதிவு செய்திருக்கிறது. அடித்து வாங்கும் வாக்குமூலத்தில் அடிபட்டவன் எதை வேண்டுமானாலும் சொல்வான். உண்மையான திருடன் வெளியே உலவிக்கொண்டிருப்பான்.

குண்டாஸ் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14ஆவது சட்டத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. தொடர்ச்சியாகக் குற்றம் செய்பவரை விசாரணை இன்றியே ஓராண்டு வரை அடைத்து வைக்க அது வழி செய்கிறது. நம் மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளரின் பரிந்துரையின் பேரில் ஆட்சியர் உத்தரவிடுகிறார். பத்து வழக்கு உள்ள ஒருவர் ஓராண்டு வெளியே இல்லையென்றால் அந்த ஓராண்டு அவரால் திருட்டு நடக்காது என்பது உண்மைதான். ஆயினும் அது தண்டனை ஆகாது, தடுப்புக் காவல் மட்டுமே. அந்த நபரால் பொது ஒழுங்கே குலைகிறது என்று காட்ட வேண்டும். வெறும் பைக் திருட்டு அதற்குள் எளிதில் அடங்காது. ஆவணம் தருவதில் குறை, கோரிக்கை மனுவைப் பரிசீலிப்பதில் தாமதம் என்ற காரணங்களால் உயர் நீதிமன்றம் இத்தகைய உத்தரவுகளை ரத்து செய்வது அன்றாடக் காட்சி. அடிப்படை வழக்கில் தண்டனை பெற்றுத் தருவதற்குப் பதிலாக இதை ஒரு குறுக்குவழியாகப் பயன்படுத்தினால், ஓராண்டு கழித்து அதே ஆள், அதே நிலுவை வழக்குகளோடு வெளியே வருவார். உண்மையிலேயே தொழிலாக வைத்திருக்கும் ஓரிருவர் விஷயத்தில் காவல்துறை முடிவெடுக்கட்டும். சங்கம் பெயர்ப்பட்டியல் தயாரித்து மனுக் கொடுக்கும் வேலையில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

இனி நான்காவது யோசனை. 2021 டிசம்பரில் தோட்டப்பாளையத்தில் உள்ள ஒரு பெரிய நகைக்கடையின் பின்சுவரில் துளையிட்டுச் சுமார் 15 கிலோ தங்கம் திருடப்பட்டதை வேலூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முகமூடி அணிந்து, கேமராக்கள் மீது ஸ்பிரே பெயிண்ட் அடித்துவிட்டே அந்த ஆள் வேலை செய்தான். இருந்தும் சில நாட்களிலேயே தனிப்படை போலீஸார் அவனைப் பிடித்து, ஒடுகத்தூர்ச் சுடுகாட்டில் புதைத்து வைத்த நகைகளைத் தோண்டி எடுத்தார்கள். அங்கே யாரும் யாரையும் கம்பத்தில் கட்டவில்லை, புதிய சட்டம் எதுவும் வரவில்லை. அக்கம்பக்கக் கேமரா காட்சிகளைப் பொறுமையாகக் கோத்துப் பார்த்ததும், தேடலை விடாமல் தொடர்ந்ததுமே பலன் தந்தன. நம் வீட்டு பைக்குக்கும் அதே அளவு தேடல் கிடைக்காது என்று நீங்கள் சொல்வது சரி. கிடைக்க வைப்பதற்காகத்தான் சங்கம் இருக்கிறது.

நகரின் நிலைமையை நேரில் நடந்து பார்த்தேன். பைக்குகள் காணாமற்போன குறுக்குத் தெருவில், டிரான்ஸ்பார்மரிலிருந்து பூங்காச் சுவர் வரை விளக்கு எரியவில்லை. நுழைவாயில் கேமரா இருக்கிறது. அதன் முன் வேப்பங்கிளை ஒன்று படர்ந்து, வண்டியின் நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் இலைகள் மட்டும் தெரிகின்றன. ரெக்கார்டரில் பழைய பதிவுகள் சில நாட்களிலேயே அழிந்துவிடுகின்றன. காவலர் இரவு ரோந்தில் வந்து கையெழுத்திட வேண்டிய பட்டாப் புத்தகம் பிள்ளையார் கோயிலில் இருந்ததாம், இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. திருடன் வந்து பார்த்தால் இவை அத்தனையும் அவன் கண்ணில் படும்.

புகார் கொடுப்பதிலும் நம் பக்கம் தளர்வு இருக்கிறது. பொருளைப் பறிகொடுத்தவர்களில் பாதிப் பேர் காவல் நிலையத்தின் படியே ஏறவில்லை. ஏறியவர்களில் சிலர் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிட்டார்கள். சி.எஸ்.ஆர். என்பது புகார் பெறப்பட்டதற்கான அத்தாட்சிதான், வழக்கு ஆகாது. பைக் திருட்டு போன்ற குற்றத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்வது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. இப்போது மின்னணு முறையிலும் புகாரை அனுப்பலாம். மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட்டால் அது பதிவாகும். செல்போன் என்றால் 2023 முதல் நாடு முழுவதும் இயங்கும் சி.இ.ஐ.ஆர். என்ற அரசு இணையதளத்தில், போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்து முடக்கிவிடலாம். முடக்கிய போனில் எந்த சிம்மும் வேலை செய்யாது என்பதால், திருட்டு போனை வாங்குபவருக்கே அது உதவாமல் போகிறது. பதிவாகாத குற்றம் ரோந்துக் கணக்கில் வராது, ரோந்துக் கணக்கில் வராத தெருவுக்கு ஜீப் வராது.

சிக்கியவர் முதல் முறை தவறிய இளைஞராக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் புதிய சட்டத்தில் பதில் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆவது பிரிவின்படி, திருட்டுப் போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, குற்றவாளியும் முதல் முறையாகத் தண்டனை பெறுபவராக இருந்தால், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்த பிறகு அவருக்குச் சமூக சேவையே தண்டனை. வெட்கத்துக்கு ஓர் உண்மையான இடம் இருக்குமானால் அது இங்கேதான் இருக்கிறது. தான் யாருடைய பொருளை எடுத்தோமோ அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பதும், எல்லோரும் நடக்கும் பூங்காவைப் பெருக்குவதும் எளிதான தண்டனைகள் அல்ல; அவற்றை முடித்தவனுக்குத் திரும்பி வர ஒரு வழியும் மிச்சமிருக்கும். தொரப்பாடியில் 1830 முதல் இருக்கும் நம் மத்தியச் சிறையின் சிறைவாசிகள் நடத்தும் பெட்ரோல் பங்கில் நம்மில் பலர் வண்டியை நிறுத்தி, நூறு ரூபாய்க்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறோம். தண்டனை பெற்றவர் என்று தெரிந்தும் அவரை நம்புகிறோம். அதே மனத்தோடு பதினெட்டு வயதுப் பையனின் படத்தை நுழைவாயிலில் தொங்கவிட நாம் ஏன் ஒப்ப வேண்டும்?

எனவே பேனருக்கென ஒதுக்கச் சொன்ன தொகையையும், ஆண்டு விழாவுக்கான நிதியில் ஒரு பங்கையும் விளக்குகளுக்கும், நம்பர் பிளேட் படிக்கும் தரமுள்ள இரண்டு கேமராக்களுக்கும், குறைந்தது முப்பது நாள் பதிவைத் தாங்கும் ஹார்டு டிஸ்குக்கும் மாற்ற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறேன். எந்தக் காட்சியும் குழுவில் பகிரப்படாமல் நேரே விசாரணை அதிகாரியிடம் போக வேண்டும். அந்தக் காட்சி நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்பட வேண்டுமானால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63(4) பிரிவின்படி சான்றிதழ் தேவை. அதன் முதல் பகுதியில் கேமராவைப் பராமரிப்பவர் கையெழுத்திட வேண்டும், பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பு என்ற குறியீட்டையும் குறிக்க வேண்டும். சாட்சிக் கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டி வரும் என்பதால் இப்பொறுப்பை ஏற்க யாரும் முன்வர மாட்டார்கள் என்று செயலாளர் என்னிடம் சொன்னார். என் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். இன்னும் ஒருவர் தேவை, இளவயதினராக இருந்தால் நல்லது.